பந்தியும் பத்தியமும்

திருநெல்வேலிச் சீமையிலே பனங்காட்டு நடுவில் அமைந்த கிறிஸ்தவக் கிராமங்களில், அசனப் பண்டிகை நாளன்று கோயிலுக்கு முன்னாலுள்ள மணல்வெளியில் நிலபுலம் உள்ளவரும் அடுத்த வேளைச் சோற்றுக்கு வழி தேடுகிறவரும் தோளோடு தோள் இடிக்க வரிசையாக அமர்ந்து, அண்டாவிலிருந்து அள்ளி வருகிற சோற்றையும் ஆட்டுக்கறிக் குழம்பையும் ஓலைப்பட்டையில் வாங்கி உண்பதைப் பார்த்தவர்களுக்கு, அந்த ஊர்களில் ஒரு மனிதனைக் குறித்துச் சொல்லத்தக்க மிகக் கடுமையான வசை எது என்பதும் தெரிந்திருக்கும். ‘பந்தி வஞ்சனை செய்கிறவன்’ என்பதே அது. வேண்டியவன் பட்டையில் கறித்துண்டும் வேண்டாதவன் பட்டையில் வெறுங்குழம்புமாக ஊற்றிக்கொண்டு போகிறவனை, களவு செய்தவனைக்காட்டிலும் கேவலமாக எண்ணுவது நம்முடைய ஜனங்களின் சுபாவம்.

எங்கள் சேகரத்துக்கு ஒரு காலத்தில் குருவாக வந்திருந்தவர்மீது இந்தக் குற்றச்சாட்டு ஒருமுறை எழுந்தது. அப்போது நான் சிறுவன். (அந்தப் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்றும் அவருடைய மனைவியை ஐயரம்மா என்றும் அழைப்பதே வழக்கம்.) ஊரில் இருவர் ஏறக்குறைய ஒரே சமயத்தில் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். ஒருவர், மகள் கல்யாணத்துக்காகச் சபை நிதியில் கடன் வாங்கி, அந்த வருஷம் பனை சரியாகப் பாளை விடாமற்போனபடியால் திருப்பிக் கொடுக்க வழியின்றி, நாலு பேர் முகத்தில் விழிக்கக் கூசி வீட்டோடு இருந்துவிட்ட பனையேறி. மற்றவர், அசனத்துக்குத் தாம் கொடுத்த ஆட்டைப்பற்றி ஆராதனை முடிவில் ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டுவிட்டார்கள் என்று முறுக்கிக்கொண்டு நின்ற தனக்காரர். ஐயர் முதல்வருடைய வீட்டுக்கு மூன்று நாள் சாயங்காலம் நடந்தே போய்த் திண்ணையில் உட்கார்ந்து, அந்த வீட்டு அம்மாள் கொடுத்த கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு, பதனீரைப்பற்றியும் மழையைப்பற்றியும் பேசிவிட்டு, கடனென்றோ கோயிலென்றோ வாய் திறவாமல் திரும்பினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த மனிதர் கடைசி வரிசையில் தூணோரமாக உட்கார்ந்திருந்தார். இரண்டாமவரையோ உபதேசியார் மூலம் சொல்லியனுப்பித் தம் வீட்டுக்கு வரவழைத்து, நாற்காலியைக் காட்டிய கையோடு, “அண்ணாச்சி, அந்த ஆட்டை நீங்க கர்த்தருக்குக் குடுத்தீங்களா, ஊர் பார்க்கக் குடுத்தீங்களா? முதல்ல அதைச் சொல்லுங்க” என்று கேட்டுவிட்டார்.

விஷயம் சபைக் கமிட்டிக்கு வந்தது. ஒரே தப்புக்கு ஒருவருக்குத் திண்ணையில் உட்கார்ந்து ஆறுதல், இன்னொருவருக்குக் கூப்பிட்டு வைத்துக் கேள்வி. ஐயர் ஆள் பார்த்துப் பேசுகிறார், இதுவும் பந்தி வஞ்சனைதானே என்று மூத்த அங்கத்தினர் ஒருவர் பொரிந்து தள்ளினாராம். ஐயர் சொன்ன பதிலை என் தகப்பனார் அன்றிரவு வீட்டில் வந்து சொன்னபடியே இங்கே எழுதுகிறேன்: “அசனத்தில எல்லாருக்கும் ஒரே சோறு, ஒரே குழம்பு. அதில நான் கை மாத்திப் போட்டா என்னை ஊரை விட்டே அனுப்புங்க. ஆனா காய்ச்சல்ல கிடக்கிறவன் வீட்டுக்கு அந்தக் கறிக்குழம்பைத் தூக்கிக்கிட்டுப் போகச் சொல்றீங்களா? பந்தி வேறே, பத்தியம் வேறே.”

இந்தப் பேச்சு என் மனத்தின் ஏதோவொரு மூலையில் கிடந்து, பல வருஷங்கள் கழித்து, மகா கிரகோரியார் என்று சரித்திரம் அழைக்கிற ரோமாபுரிப் பாப்பரசர் மேய்ப்பரின் கடமையைக் குறித்து எழுதிய நூலை வாசித்தபோது திடீரென்று எழுந்து நின்றது. எங்கள் ஊர்க் கமிட்டி விசாரித்த அதே வழக்கைப் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே அவர் எடுத்து விசாரித்து, எங்கள் ஐயர் பக்கமாகத் தீர்ப்பு எழுதி வைத்திருந்தார்.

கிரகோரியார் சாவகாசமாக உட்கார்ந்து நூல் எழுதிய மனிதர் அல்லர். 540-ஆம் ஆண்டையொட்டி ரோமாபுரியின் செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்து, அந்நகரத்தின் தலைமை அதிகாரியாக உத்தியோகம் பார்த்து, பிறகு அதையெல்லாம் உதறிவிட்டுச் சீலியன் குன்றின்மேலிருந்த தம் பிதிரார்ஜித மாளிகையையே மடமாக்கி அதில் ஒரு துறவியாக அமர்ந்தவர். அந்த நிம்மதியும் நிலைக்காமல், கான்ஸ்டாண்டிநோபிள் அரண்மனையில் பாப்பரசரின் பிரதிநிதியாகச் சில வருஷங்களைக் கழிக்க நேர்ந்தவர். 589-ஆம் ஆண்டின் இறுதியில் தைபர் நதி கரை புரண்டது. அதன் பின்னாலேயே வந்த கொள்ளைநோய் 590-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பாப்பரசர் இரண்டாம் பெலாஜியுஸைக் கொண்டுபோயிற்று. லொம்பார்டியருடைய படைகளோ இத்தாலியின் பெரும்பகுதியை ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருந்தன. இப்படிப்பட்ட வேளையில் ஜனங்களும் குருமாரும் தம்மைத் தெரிந்தெடுத்தபோது கிரகோரியார் அந்தப் பாரத்தினின்று தப்பப் பார்த்தார், முடியவில்லை. ஏன் ஒளிந்துகொள்ளப் பார்த்தீர் என்று அன்போடு கடிந்துகொண்ட ராவென்னா நகரத்து அத்தியட்சர் யோவானுக்கு மறுமொழியாக அவர் எழுதியதே இந்தப் புஸ்தகம். பதவிக்கு ஓடி வருகிறவர்கள் எழுதிய தலைமை நூல்கள் இக்காலத்தில் மூட்டை மூட்டையாகக் கிடைக்கின்றன. பதவியைக் கண்டு ஓடப் பார்த்தவர் எழுதியது என்பதனாலேயே இதன்மீது எனக்கு ஒரு தனி நம்பிக்கை உண்டு.

நூல் நான்கு பாகம் கொண்டது. மேய்ப்பனாக வரத்தக்கவன் யார், வந்தவன் எப்படி ஜீவிக்க வேண்டும் என்பவை முதலிரண்டு பாகங்களின் பொருள். வைத்திய சாஸ்திரம் அறியாதவன் தன்னை வைத்தியனென்று சொல்லிக்கொள்ள வெட்கப்படுகிறான், ஆனால் ஆத்துமாவின் நோயைப்பற்றி ஒன்றும் அறியாதவன் இருதய வைத்தியனாக வந்து உட்கார வெட்கப்படுகிறதில்லை என்று தொடக்கத்திலேயே அவர் ஒரு போடு போடுகிறார். நூல் முழுவதும் ஓடுவது இந்த வைத்திய உவமைதான். மூன்றாம் பாகமே எல்லாவற்றிலும் பெரியது. பாடம் ஒன்றாயிருந்தாலும் அதைச் சொல்லும் விதம் ஒன்றாயிருக்கலாகாது என்று அறிவித்துவிட்டு, மனிதர்களை இரண்டிரண்டு பேராக நிறுத்தி, இன்னாருக்கு இப்படி, அன்னாருக்கு அப்படி என்று முப்பதுக்கு மேற்பட்ட ஜோடிகளுக்குப் புத்தி சொல்லிக்கொண்டு போகிறார். ஏழைகளும் செல்வரும், களிப்புள்ளவர்களும் துக்கமுள்ளவர்களும், துணிச்சல்காரரும் கூச்சக்காரரும், பொறுமையற்றவர்களும் பொறுமையுள்ளவர்களும், சோம்பேறிகளும் அவசரக்காரர்களும், தம் பிழைக்காக அழுதும் அதை விடாதவர்களும், விட்டும் அதற்காக அழாதவர்களும் என்று அந்த வரிசை நீளுகிறது. குதிரையை அமர்த்துகிற அதே சீழ்க்கையொலி நாய்க்குட்டியைத் துள்ளியெழச் செய்கிறது, பலசாலிக்குத் தெம்பு தருகிற அப்பம் பச்சைக் குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகிறது என்று உவமைகளை அடுக்குகிறார். வாத்தியம் ஒன்று, மீட்டுகிற கோல் ஒன்று, ஆனால் தந்திகள் வெவ்வேறு சுருதியில் முறுக்கப்பட்டிருப்பதால்தான் இசை பிறக்கிறது என்பது அவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது. இந்தக் கருத்து தமக்குச் சொந்தமன்று, தமக்கு இருநூறு வருஷத்துக்கு மேல் முந்திய நசியான்சு நகரத்துக் கிரகோரியாரிடமிருந்து கற்றது என்று ஒப்புக்கொள்ளவும் அவர் மறக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்தப் பழைய கிரகோரியாரும் தம் தகப்பனார் பிடிவாதமாகக் குருப்பட்டம் கொடுத்தவுடனே ஊரை விட்டு ஓடிப்போய், சில மாதம் கழித்துத் திரும்பி வந்து, ஓடியதற்குச் சமாதானமாகவே இந்தக் கருத்து அடங்கிய நூலை எழுதினார்.

பட்டியலைப் பார்த்துவிட்டு, இது ஏதோ மனிதரை வகைப்படுத்தி அலமாரியில் அடுக்குகிற காரியம் என்று எண்ணிவிடக்கூடாது. ஒவ்வொரு ஜோடியிலும் கிரகோரியார் நோயின் வேரைத் தோண்டிப் பார்க்கிறார். அதிகம் பேசாத மனிதரை எடுத்துக்கொள்ளுவோம். நம்முடைய சபைக் கமிட்டிகளிலெல்லாம் இப்படி ஒருவர் இருப்பார். மூன்று மணி நேரம் நடக்கிற கூட்டத்தில் வாயே திறக்கமாட்டார். தலைமை வகிக்கிறவர்கள் அவரை உத்தமமான, தொல்லையில்லாத அங்கத்தினரென்று மெச்சிக்கொள்ளுவார்கள். இரண்டு வருஷம் கழித்து ஒருநாள் சின்ன விஷயமொன்றில் அவர் வெடித்து, இராஜிநாமாக் கடிதத்தையும் நீட்டும்போது எல்லாரும் திகைப்பார்கள். கிரகோரியாருக்கு இதில் திகைப்பில்லை. வாயின் பாவத்துக்குப் பயந்து மௌனமாயிருக்கிறவனுக்கு உள்ளே ஓயாத இரைச்சல் இருக்கக்கூடும், மூடிய புண்ணே அதிகமாக நோகும், ஆகையால் நொந்தவன் தன்னை நோகப்பண்ணினவனிடம் அதைச் சொல்லிவிடும்படி அவனைத் தூண்ட வேண்டும் என்பது அவருடைய வைத்தியம். வாயாடிக்கோ நேர்மாறான மருந்து: அணை கட்டி நிறுத்திய நீரே உயரும், அவிழ்த்துவிட்டது பள்ளம் பார்த்து ஓடி வீணாய்ப்போகும் என்று அவனுக்குச் சொல்லச் சொல்லுகிறார். இருவரையும் பார்த்து ‘அளவாகப் பேசுங்கள்’ என்று ஒரே வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போகிறவர், முன்னவர் வாயை நிரந்தரமாகப் பூட்டிவிட்டுப் பின்னவர் காதில் விழாமலும் போகிறார்.

தன் பொருளைத் தாராளமாகக் கொடுக்கிறவனுக்கும் அவர் புத்தி சொல்லுகிறார் என்பதைக் கண்டபோது எனக்கு ஆட்டுக்கார அண்ணாச்சியின் ஞாபகம் வந்துவிட்டது. கொடுக்கிறவன் வாங்குகிறவனுக்கு மேலே தன்னை உயர்த்திக்கொள்ளலாகாது, இல்லாதவனுக்குத் தேவையானதைக் கொடுக்கும்போது அவனுடையதையே அவனுக்குத் திருப்பித் தருகிறோம் என்கிறார். கோயில் திண்ணையிலும் ஆராதனைப் பீடத்திலும் உபயதாரர் பெயரைப் பொறிக்கிற நம்முடைய காலத்துக்கு இது கொஞ்சம் கசப்பான கஷாயந்தான்.

எப்போது சொல்லுவது என்பதும் எப்படிச் சொல்லுவது என்பதைப்போலவே முக்கியம். கோபக்காரனிடம் கோப வேளையில் போகக்கூடாது என்பதற்கு வேதாகமத்து அபிகாயிலை அவர் சாட்சிக்கு அழைக்கிறார். மூர்க்கனான நாபால், தாவீதின் ஆட்களை அவமதித்துக் குடும்பத்துக்கே நாசம் தேடி வைத்திருந்தான். அவன் மனைவி அபிகாயில் தானே போய் அந்த ஆபத்தைத் தடுத்துவிட்டு வீடு திரும்பியபோது, அவன் குடித்து வெறித்திருப்பதைக் கண்டு ஒன்றும் சொல்லாமலிருந்து, பொழுது விடிந்து வெறி தெளிந்தபின்பே நடந்ததைச் சொன்னாள். அதிகாரத்திலிருக்கிறவர்களை நேருக்கு நேர் கண்டித்தால் காது அடைத்துப்போகும் என்பதற்கு நாத்தான் தீர்க்கதரிசியின் கதை உதவுகிறது. ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பறித்த செல்வன் ஒருவனுடைய வழக்கைக் கொண்டு வருவதுபோல் வந்து, தாவீது ராஜா தன் வாயாலேயே அவனுக்குத் தீர்ப்புச் சொன்னபின்பு, அந்த மனிதன் நீரே என்று நாத்தான் திருப்பிவிட்டார். கத்தியை அங்கிக்குள் மறைத்து வைத்துக்கொண்டு நோயாளியின் அருகில் போகிற சத்திர வைத்தியனைப்போல் அவர் நடந்துகொண்டார் என்று கிரகோரியார் வியக்கிறார். எங்கள் ஐயர் தனக்காரரிடம் இந்த வழியைப் பின்பற்றாமல் முகத்துக்கு நேரே கேட்டதைப்பற்றிக் கிரகோரியார் என்ன சொல்லியிருப்பாரோ! ஆனால் துணிச்சல்காரருக்குக் கண்டிப்பான சொல்லும் கூச்சக்காரருக்கு மிருதுவான சொல்லுமே உரியவை என்று அவரே இன்னோர் இடத்தில் சொல்லியிருக்கிறபடியால், அந்த அதிகாரத்தின்கீழ் ஐயரை விடுதலை செய்துவிடலாம்.

ஏழைகளுக்கு ஆறுதலும் செல்வருக்கு எச்சரிப்பும் வேண்டும் என்று விதித்த அவரே, அடுத்த மூச்சில், செல்வன் தாழ்மையுள்ளவனாகவும் ஏழை இறுமாப்புள்ளவனாகவும் இருக்கக் கூடுமே, அப்போது ஏழையைக் கடிந்துகொண்டு செல்வனைத் தேற்றவேண்டியதுதானே என்று தாம் போட்ட கோட்டைத் தாமே அழித்துவிடுகிறார். இந்த ஓரிடத்துக்காகவே நூலை வாங்கிப் படிக்கலாம் என்பேன். மனிதனுக்கு வெளியே ஒட்டியிருக்கிற சீட்டைப் பார்த்து மருந்து கொடுக்காதே, நாடியைப் பிடித்துப் பார் என்பது இதன் தாத்பரியம். அப்புறம், தனியாக ஒருவனிடம் பேசுவது எளிது, எல்லா நோயாளிகளும் ஒருங்கே உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் பேசுவதல்லவோ கஷ்டம் என்கிறார்: அகங்காரிக்குத் தாழ்மையைப் போதிக்கப் போய்ப் பயந்தவனின் பயத்தை வளர்த்துவிடக்கூடாது, பயந்தவனுக்குத் தைரியம் சொல்லப் போய் அகங்காரியின் கொம்பைச் சீவிவிடவும் கூடாது. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் அநேக இடங்களில் யாருக்கும் உறைக்காத பொதுவான நல்வார்த்தையாகப் போய்விடுவதற்கு இந்தக் கஷ்டத்தைவிடச் சோம்பலே அதிகக் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

பிரசங்கத்தால் தீராததை எதிரெதிரே உட்கார்ந்து தீர்த்தவர்களும் உண்டு. இங்கிலாந்திலே கிடர்மின்ஸ்டர் என்ற நெசவாளர் ஊரில் பதினேழாம் நூற்றாண்டின் மத்தியில் குருவாயிருந்த ரிச்சர்டு பாக்ஸ்டர், தம் உதவியாளரோடு சேர்ந்து வாரத்தில் இரண்டு நாட்களை ஒதுக்கி, சுமார் எண்ணூறு குடும்பங்கள் கொண்ட அந்தச் சபையில் வாரத்துக்குப் பதினைந்து பதினாறு குடும்பங்களாகத் தனித்தனியே சந்தித்து வந்தார். பத்து வருஷம் பிரசங்கம் கேட்டும் ஒன்றும் தெரிந்துகொள்ளாத ஒருவன், அரைமணி நேரத் தனிப்பேச்சில் அதைவிட அதிகம் கற்றுக்கொண்டதைத் தாம் அனுபவத்தில் கண்டதாக, 1656-ல் வெளியிட்ட தம் நூலில் எழுதியிருக்கிறார். நல்ல பிரசங்கியென்று பெயரெடுத்த ஒருவரே இப்படி எழுதுவதற்கு மனவிசாலம் வேண்டும்.

இதற்கு ஓர் எதிர்வாதம் உண்டு. அது இலேசான எதிர்வாதமன்று. ஆளுக்குத் தக்கபடி நடக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டால், அதன் வழியாக முதலில் நுழைகிறது வைத்தியமன்று, அந்தஸ்து. தமிழ்நாட்டுத் திருச்சபையின் சரித்திரமே இதற்குச் சாட்சி. 1606-ல் மதுரைக்கு வந்து, காவியுடுத்து, மரக்கறி உண்டு, தத்துவபோதகர் என்று பெயர் பெற்ற ராபர்ட் தெ நொபிலி, உயர்குலத்தாரின் மனம் அறிந்து அவர்களை அணுகினார். பூணூலும் குடுமியும் வைத்துக்கொள்ளப் புதுக் கிறிஸ்தவர்களுக்கு 1623-ல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியாரின் அனுமதியும் கிடைத்தது. அவருடைய கல்வியையும் தமிழையும் யாரும் குறைகூற முடியாது. ஆனால் 1640-ஆம் ஆண்டு முதல் மற்றச் சாதியாருக்கென்று பண்டாரசுவாமிகள் என வேறொரு வகைக் குருமாரை ஏற்படுத்த வேண்டி வந்தபோது, பத்தியமாக ஆரம்பித்தது பந்தி வஞ்சனையில் கொண்டுபோய் விட்டது என்றே சொல்ல வேண்டும். பிற்காலத்தில் வடக்கன்குளத்தில் 1872-ல் எழுந்த கோயிலோ, கால்சட்டையின் இரு கால்களைப்போல இரண்டு கூடங்கள் பலிபீடத்தண்டையில் மாத்திரம் சந்திக்கும்படி, சாதிக்கொரு கூடமாகவே கட்டப்பட்டது. கட்டினவர்கள் ஜனங்களின் மனநிலைக்கு இணங்கிப் போனோம் என்றுதான் சமாதானம் சொல்லியிருப்பார்கள். 1910-ல் அந்தக் கூடங்களைப் பிரித்த சுவர் இடிக்கப்பட்டது; வழக்கு உயர்நீதிமன்றம் வரையில் போயிற்று; சுவர் மறுபடியும் எழவில்லை. சீர்திருத்த சபையாரும் இதில் குற்றமற்றவர்களல்லர். கோயிலில் தனித்தனி இடமும் நற்கருணைப் பாத்திரத்தில் முன்பின் வரிசையும் தஞ்சாவூரிலும் சென்னையிலும் வேரூன்றிப் போயிருந்தபடியால்தான், 1833-ல் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன் சாதி வித்தியாசத்தை அறவே விட்டுவிட வேண்டுமென்று நிருபம் எழுத நேர்ந்தது. அதைப் பொறுக்காமல் சபையைவிட்டே பிரிந்துபோனவர்கள் பலர்.

ஆகையால் எங்கள் ஐயர் போட்ட கோடு மிகவும் சரியான இடத்தில் போட்ட கோடு என்று நான் எண்ணுகிறேன். ஆராதனையில் உட்காரும் இடம், நற்கருணை, கல்லறைத் தோட்டத்தில் ஆறடி மண், சபைச் சட்டம், கணக்கு, வாக்கு இவையெல்லாம் பந்தி. இவற்றில் முகம் பார்ப்பது அநியாயம். ஆறுதல், கண்டிப்பு, பயிற்சி, எதிர்பார்ப்பு, காத்திருத்தல் இவையெல்லாம் பத்தியம். இவற்றில் முகம் பாராதிருப்பதே அநியாயம். நம்முடைய சபைகளில் தலைமை வகிக்கிற அநேகர் இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறார்கள். கல்யாணத்துக்குக் கோயில் மணி எத்தனை தரம் அடிப்பது, யார் வீட்டு மரணத்துக்கு அத்தியட்சரே வருவது என்பவற்றில் ஆளுக்கொரு அளவு. துக்கத்திலிருப்பவனுக்கும் திமிரில் இருப்பவனுக்குமோ ஒரே அச்சில் வார்த்த புத்திமதி.

இரண்டையும் குழப்பாமல் வாழ்ந்து காட்டிய ஒருவரைச் சொல்லவேண்டுமானால், வெள்ளாளன்விளையில் 1874-ல் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவையே சொல்லுவேன். 1910-ல் எடின்பரோவில் உலக மிஷனெரிகள் கூடிய மாநாட்டில், வெளிநாட்டு ஊழியர்கள் இந்தியருக்காகப் பொருளையும் உயிரையும் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் சிநேகிதராக மாத்திரம் இருக்கத் தெரியவில்லை என்ற பொருள்பட அவர் பேசினது பலருக்குச் சுருக்கென்று தைத்தது. அவர்கள் கொடுத்ததில் குறையில்லை. கொடுத்த விதத்தில் எஜமானத்தனம் இருந்தது. 1912-ல் கல்கத்தாவில் அவர் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சராக அபிஷேகம் பெற்றுத் தோர்ணக்கல்லில் அமர்ந்தார். அது நைஜாம் ராஜ்யத்தில் தெலுங்கு பேசும் பிரதேசம், அவரோ தமிழர். தெலுங்கைக் கற்று, மாட்டுவண்டியிலும் சைக்கிளிலும் கிராமம் கிராமமாகச் சுற்றி, பாடுவதற்கு அந்த மண்ணின் மெட்டையும், கட்டுவதற்கு அந்த நாட்டுச் சிற்பத்தையும் எடுத்துக்கொண்டார். 1939-ல் பிரதிஷ்டையான தோர்ணக்கல் பேராலயத்தில் இந்துக் கோயிலின் தூணையும் மசூதியின் ஸ்தூபியையும் இன்றைக்கும் ஒருங்கே பார்க்கலாம். ஜனங்களுக்காக இவ்வளவு வளைந்து கொடுத்தவர், ஒருவரையொருவர் தீண்டாத மாலர், மாதிகர் என்ற இரு சாதியாரும் தனித்தனிச் சபையாக இருக்கட்டுமே என்ற யோசனைக்கு மாத்திரம் வளைந்து கொடுக்கவேயில்லை.

தற்காலத்தில் வியாபார ஸ்தாபனங்களின் மானேஜர்களுக்குப் பணம் வாங்கிக்கொண்டு கற்பிக்கிற பாடங்களிலும் இப்படி ஒன்று உண்டு. வேலைக்குப் புதிதாக வந்தவனுக்கு வழிகாட்டு, தேறினவனை அவன் போக்கில் விட்டுவிடு என்பது அதன் சாரம். 1960-களின் இறுதியில் அமெரிக்கப் பேராசிரியர் இருவர் அதை ஒரு சித்தாந்தமாகவே வகுத்தார்கள். பாடகர் குழுவுக்குப் புதிதாக வந்த பெண்ணுக்கும் இருபது வருஷமாக ஓய்வுநாள் பள்ளி நடத்துகிற அம்மாளுக்கும் ஒரே மாதிரி உத்தரவு போடுகிற குருமாருக்கு இதுவும் உபயோகப்படக்கூடியதே. ஆனால் கம்பெனி மானேஜர் பார்ப்பது வேலையாளின் திறமையை; கிரகோரியார் பார்ப்பது அவனுடைய இருதயத்தை. வேலை முடிந்தால் மானேஜருக்குத் திருப்தி. மேய்ப்பனுக்கு மனிதன் குணப்பட்டாலொழியத் திருப்தியில்லை. இரண்டும் ஒன்றென்று எண்ணிச் சபையைக் கம்பெனியாக நடத்தப் புறப்பட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். காரியங்கள் ஒழுங்காக நடந்தன, ஜனங்கள் மெல்ல மெல்ல வேறு கோயில் தேடிப் போய்விட்டார்கள்.

கடைசியாக ஒன்று. ஆளறிந்து பேசத் தெரிந்தவனுக்கு ஒரு நோய் தானாகவே வந்து சேரும். எல்லாருக்கும் தன்னைப் பிடித்துப்போகிறது என்ற இன்பமே அந்த நோய். தன் பேச்சுக்குச் செவிகொடுக்கும்பொருட்டு ஜனங்கள் மேய்ப்பனை நேசிக்கவேண்டியதுதான், ஆனால் அந்த நேசத்தின்மேல் அவனுக்கு ஆசை விழுந்துவிட்டால் ஆண்டவருக்குச் சேரவேண்டியதைத் திருடுகிறவனாகிறான் என்று கிரகோரியார் இரண்டாம் பாகத்திலேயே எச்சரித்திருக்கிறார். முப்பதுக்கு மேற்பட்ட வகை நோயாளிகளுக்கும் மருந்து எழுதி முடித்தபின், நான்காம் பாகத்தில் அவர் வைத்தியனுடைய நாடியையே பிடித்துப் பார்க்கிறார். அழகான மனிதன் ஒருவனை எழுதிக்காட்டிய அவலட்சணமான சித்திரக்காரன் நான் என்று தம்மைக் குறித்துச் சொல்லிக்கொண்டு, இந்த ஜீவியத்தின் கப்பற்சேதத்தில் மூழ்கிப்போகாதபடி உமது ஜெபத்தைப் பலகையாக நீட்டும் என்று யோவான் அத்தியட்சரைக் கேட்டுக்கொள்ளுகிறார். இங்கிலாந்தில் ஆல்பிரட் ராஜா ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நூலைத் தம் பாஷையில் பெயர்த்துத் தம் அத்தியட்சர்களுக்கெல்லாம் அனுப்பினார். அவற்றுள் உஸ்டர் நகரத்துக்குப் போன பிரதி ஆக்ஸ்போர்டில் இன்றும் பத்திரமாக இருக்கிறது. வைத்தியனையே சோதிக்கிற அந்த நான்காம் பாகந்தான் நூல் முழுவதிலும் மிகச் சிறியது. ஒரே மூச்சில் வாசித்துவிடலாம்.